பிராந்திய சுகாதாரப் பாதுகாப்பு என்றால் எங்கள் கரைக்கு என்ன? கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள்

நாச்சிக்குடாக் கரை:

வணக்கம். நான் இரணைமாதாநகர். இங்கே கடற்றொழிலாளர் சங்கத்தில் செயலாளர். செயலாளர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம், கடலுக்குப் போகாத நாளில் கூட்டங்களுக்குப் போகிறவன், அவ்வளவுதான்.

போன மாதம் கச்சேரியில், அதுதான் மாவட்டச் செயலகத்தில், ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு பிராந்திய சுகாதாரப் பாதுகாப்பும் பெருந்தொற்றுத் தயார்நிலையும். கொழும்பிலிருந்து வந்தவர் திரையில் படம் போட்டுக் காட்டினார். பல நாட்டுக் கொடிகள் வட்டமாக, நடுவில் அம்புக்குறிகள், எது எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு மணித்தியாலம். பற்றிஸும் தேநீரும் நன்றாக இருந்தன, பொய் சொல்லக்கூடாது. முடிகிற நேரத்தில் ஒருவர் என்னைத் தேடிவந்து, அடுத்த கூட்டத்தில் கரையோர மக்கள் சார்பில் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார். நானும் தலையாட்டிவிட்டேன். இப்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

பெருந்தொற்று என்றதும் எங்கள் ஊருக்கு ஞாபகம் வருவது ஒன்றுதான். 2021 மார்ச் தொடக்கத்தில் கொரோனாவில் இறந்தவர்களின் உடல்களை இரணைதீவில் அடக்கம் செய்யப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. அது எங்கள் சொந்த ஊர், 1992 இல் சண்டையில் விட்டுவிட்டு ஓடிவந்த தீவு. 2018 சித்திரையில் நாங்களே படகு எடுத்துக்கொண்டு போய் இறங்கிய தீவு. எங்களிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கரையில் நின்று கத்தினோம், பாதர்மாரும் வந்து நின்றார்கள். முஸ்லிம் சனமும் தங்கள் பிள்ளைகளை, தாய் தகப்பனை எங்கோ ஒரு தீவில் கொண்டுபோய்ப் புதைப்பதைக் கேட்கவில்லை. கடைசியில் மட்டக்களப்புப் பக்கம் ஓட்டமாவடிக்கு மாறியது. அதற்கு முன் ஒரு வருடத்துக்குக் கிட்ட எரிக்கத்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள், புதைத்தால் தண்ணீரில் கிருமி பரவும் என்றார்கள், உலக சுகாதார ஸ்தாபனம் புதைக்கலாம் என்று சொன்ன பிறகும். உள்ளூர்ச் சனத்தோடேயே பேசாதவர்கள் பக்கத்து நாட்டோடு எப்படிப் பேசப்போகிறார்கள் என்றுதான் அன்றைக்கு அந்த அம்புக்குறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஐந்து நிமிடமும் அழுதுவிட்டு வந்தால் பிரயோசனம் இல்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒரு நோய் அக்கரையில், இந்தியப் பக்கம், கிளம்பினால் எங்களுக்கு யார் சொல்வார்கள்? எங்கள் பக்கம் கிளம்பினால்? இந்த ஒத்துழைப்பு என்பது எங்கேயாவது உண்மையாக நடந்திருக்கிறதா, இல்லை கொடிப்படம் மட்டும்தானா? நான் எதைக் கேட்க வேண்டும்?

---

பழைய பி.எச்.ஐ:

தம்பி, நான் முப்பது வருடத்துக்கு மேல் பி.எச்.ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், அதில் பாதிக்கு மேல் மன்னார்ப் பக்கம். அம்புக்குறியை விடுங்கள், கீழேயிருந்து வருகிறேன்.

ஒரு காய்ச்சல்காரர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். அறிவிக்க வேண்டிய நோய் என்று வைத்தியருக்குச் சந்தேகம் வந்தாலே போதும், உறுதியாக வேண்டும் என்றில்லை, எச் 544 என்ற படிவத்தை நிரப்பி அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு, எம்.ஓ.எச் என்போம், அனுப்ப வேண்டும். அங்கிருந்து அது எங்கள் கைக்கு வரும். நாங்கள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவோம். கிணறு எங்கே, மலசலகூடம் எங்கே, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சலா, ஆள் கடைசியாக எங்கே போய் வந்தவர், எல்லாம் பார்த்து எழுத வேண்டும். கிழமைக்கு ஒரு தடவை கணக்கு கொழும்பில் தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். இதற்கெல்லாம் அடிப்படைச் சட்டம் 1897 இல் போட்டது, பம்பாயில் பிளேக் அடித்துக்கொண்டிருந்த காலம். அந்தச் சட்டத்தைத்தான் கொரோனாவிலும் தூக்கிக்கொண்டு திரிந்தோம்.

கொழும்புக்கு மேலே உள்ளது சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகள். 2005 இல் எழுதியது, 2007 இல் நடைமுறைக்கு வந்தது, 196 நாடுகள் அதற்குள் இருக்கின்றன. நாட்டுக்குள் சந்தேகமான ஒன்று தெரிந்தால் 48 மணித்தியாலத்துக்குள் மதிப்பிட வேண்டும், வெளிநாட்டுக்கும் பரவக்கூடிய ஆபத்து என்று பட்டால் 24 மணித்தியாலத்துக்குள் உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு அறிவிக்க வேண்டும். தாளில் நல்ல ஏற்பாடு. ஆனால் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி 30 கிலோமீற்றர் அளவுதான். இராமநாதபுரத்தில் ஒரு காய்ச்சல் கிளம்பினால் அந்தச் செய்தி சென்னைக்குப் போய், டெல்லிக்குப் போய், அங்கிருந்து சுற்றிக் கொழும்புக்கு வந்து, பிறகு மன்னாருக்கு வர வேண்டும். காகம் ஒரு மூச்சில் பறக்கிற தூரம். நான் வேலை பார்த்த காலம் முழுக்க அக்கரையில் என்னைப்போல ஒரு சுகாதார ஆய்வாளர் இருந்திருப்பார், ஒருநாளும் அவர் குரலை நான் கேட்டதில்லை.

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு நுளம்புக் கதை சொல்கிறேன், பொறுமையாக வாசியுங்கள். 2016 செப்டெம்பர் 5 ஆம் திகதி இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் கிடைத்தது. உள்ளூரில் கடைசியாக ஒருவருக்கு வந்தது 2012 ஒக்டோபர். வன்னியில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று, எங்கள் வயதில் மலேரியா வராத ஆள் கிடையாது. சான்றிதழின் மை காய்வதற்குள், அதே வருடம் டிசம்பரில், மன்னார்த் தீவில் புதிதாக ஒரு நுளம்பு பிடிபட்டது. அனோபிலிஸ் ஸ்டெபன்சி. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இதுதான். எங்கள் பழைய மலேரியா நுளம்பு ஆறு வற்றும்போது மணலில் தேங்குகிற குழிகளைத் தேடும். இது கிணற்றையும் சீமெந்துத் தொட்டியையும் தேடி வீட்டு முற்றத்துக்கே வருகிறது.

கிணற்றில் பார்ப்பது ஒரு கலை. வாளியைச் சத்தமில்லாமல் இறக்கி, சுவரோரமாகச் சரித்து அள்ள வேண்டும். வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலுக்குப் பிடிக்க வேண்டும். டெங்கு நுளம்பின் குடம்பி தலைகீழாகத் தொங்கும். மலேரியா நுளம்பின் குடம்பி தண்ணீர் மட்டத்தோடு படுத்துக் கிடக்கும், நெல்லுமி ஒன்று மிதக்கிற மாதிரி. உங்கள் நிழல் விழுந்தால் சடக்கென்று கீழே போய்விடும். கிணறுகளில் குடம்பி தின்னும் மீனை விடுகிற வேலையும் நடந்தது. குடிக்கிற தண்ணீரில் மீனா ஐயா என்று எத்தனை பெண்கள் கேட்டார்கள், அதற்குப் பதில் சொல்வதுதான் உண்மையான சுகாதாரக் கல்வி.

அந்த நுளம்பு படகில் வந்ததா காற்றில் வந்ததா என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. நுளம்பு மட்டும் வந்தால் மலேரியா வராது, அதற்குக் கிருமி உள்ள ஒரு மனிதரும் வேண்டும். அப்படி ஒருவரைக் கடித்துவிட்டால்? ஜிபூத்தி என்று ஆபிரிக்காவில் சின்ன நாடு, மலேரியாவை ஏறக்குறைய ஒழித்துவிட்டிருந்தார்கள், 2012 இல் 27 பேர்தான். அந்த வருடம்தான் இந்த நுளம்பு அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. 2020 இல் 73,000க்கு மேல். எங்கள் நாட்டிலேயே 1963 இல் 17 பேர் என்று குறைந்து, ஒழிந்தது என்று கையைத் தட்டிவிட்டு இருந்தபிறகு 1969 இல் 5 இலட்சத்தைத் தாண்டியது.

ஆகவே கேட்க வேண்டியது ஒன்றுதான். மன்னார் அலுவலகமும் இராமநாதபுரம் அலுவலகமும் கிழமைக்கு ஒரு தடவை நேரே தொலைபேசியில் பேச வேண்டும். தமிழில் பேசலாம், மொழிபெயர்ப்பாளர் செலவும் இல்லை.

---

குளத்தடியான்:

ஐயா சொல்வது எல்லாம் சரி. ஆனால் பேசினால் மட்டும் போதுமா? 2020 மார்ச் 15 சார்க் என்ற தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்புத் தலைவர்கள் காணொளியில் பேசினார்கள். இந்தியா 10 மில்லியன் டொலர் போட்டு அவசர நிதி ஒன்று தொடங்கியது, மற்ற நாடுகளும் தங்கள் பங்குக்குச் சொன்னார்கள். நல்லது. அந்தச் சார்க் கடைசியாக உச்சிமாநாடு வைத்தது 2014 இல் காத்மண்டுவில். குடும்பத்தில் இரண்டு பேர், இந்தியாவும் பாகிஸ்தானும், பேசுவதில்லை என்பதால் கலியாண வீடே நடக்காத கதை.

தடுப்பூசியைப் பாருங்கள். 2021 ஜனவரி 28 இந்தியா 5 இலட்சம் கோவிஷீல்ட் இனாமாகத் தந்தது, மறுநாளே போடத் தொடங்கினோம். பிறகு அங்கே இரண்டாவது அலை, ஏற்றுமதி நின்றது. இங்கே ஆறு இலட்சம் பேர் அளவில் முதல் ஊசியோடு அந்தரத்தில் நின்றார்கள். கொழும்பில் இருக்கிற என் மாமாவும் ஒருவர், அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தினமும் செய்தி பார்த்தார். ஜூலை கடைசியில் ஜப்பானிலிருந்து கோவெக்ஸ் என்ற உலகத் தடுப்பூசிப் பங்கீட்டுத் திட்டம் மூலம் வந்த பிறகுதான் இரண்டாவது. இந்தியாவை நான் குறை சொல்லவில்லை, தன் கூரை எரிகிறபோது எவன் அடுத்த வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவான்? அதைத்தான் சொல்கிறேன். நல்ல காலத்தில் காட்டும் அன்பு கெட்ட காலத்தில் நிற்காது. எழுதி வாங்காத எதையும் நம்பாதீர்கள்.

---

பேசாலைப் பிள்ளை:

நாச்சிக்குடா அண்ணா, நீங்கள் கடலில் நிற்கிறவர், இதையெல்லாம் நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. ஆனால் கூட்டத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. கடல் பூட்டி இருக்கிறது என்றுதான் அவர்கள் நினைக்கிறார்கள்.

2020 ஞாபகம் இருக்கிறதா? கொரோனாவுக்கு மஞ்சள் நல்லது என்று வீட்டுக்கு வீடு வாசலில் தெளித்தார்கள், அதே நேரம் மஞ்சள் இறக்குமதிக்குத் தடை, விலை ஆயிரக்கணக்கில் ஏறிவிட்டது. உடனே அக்கரையிலிருந்து மூட்டை மூட்டையாக மஞ்சள் இரவில் வரத் தொடங்கியது. விமான நிலையம் பூட்டு, பாடசாலை பூட்டு, ஊரடங்கு, ஆனால் கடலில் ஆளும் ஆளும் கைமாற்றுகிறார்கள். கொரோனாவைத் தடுக்கிற மஞ்சளே கொரோனாவைக் கொண்டுவரப் பார்த்தது. சிரிக்காதீர்கள், பிடிபட்டவர்களைத் தனிமைப்படுத்தல் முகாமுக்குக் கொண்டுபோனபோது எங்கள் தெருவே நடுங்கியது.

அடுத்தது எங்கள் வீட்டுக் கதை. 2022 இல் சாமான் விலை ஏறி, மண்ணெண்ணெய் இல்லாமல், தொழில் இல்லாமல் போனபோது என் தம்பி மனைவி பிள்ளையோடு படகில் அக்கரைக்குப் போனான். எத்தனையோ குடும்பம் போனது, மணல் திட்டில் இறக்கிவிட்ட படங்கள் எல்லாம் பார்த்திருப்பீர்கள். ஒரு வருடத்துக்கு மேல் அங்கே முகாமில் இருந்துவிட்டு அவன் மட்டும் திரும்பி வந்தான், போன மாதிரியே, இரவில். வந்து நாலாம் நாள் காய்ச்சல். நடுக்கம் என்றால் கட்டில் ஆடுகிற நடுக்கம், மூன்று போர்வை போட்டும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வா என்றால் மாட்டேன் என்கிறான். எங்கேயிருந்து வந்தாய் என்று கேட்பார்கள், சொன்னால் பொலிஸ் வரும், சொல்லாவிட்டால் பொய். அம்மா வேப்பிலையைக் கட்டி பனடோலைக் கொடுத்துக்கொண்டு இருந்தா. ஐந்து நாள்!

ஆறாம் நாள் மயங்கி விழுந்த பிறகு தூக்கிக்கொண்டு ஓடினோம். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை. அங்கே ஒருவரும் அவன் எங்கே போய் வந்தவன் என்று கேட்கவே இல்லை. நாங்களும் வாயைத் திறக்கவில்லை. வைரஸ் காய்ச்சல் என்று எழுதினார்கள். கடைசியில் ஒரு தாதி அக்காதான், வயதானவ, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பிள்ளை, உண்மையைச் சொல்லு, இவன் கடல் தாண்டினவனோ? நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன், இரத்தம் பார்க்க வேணும்" என்று கேட்டா. நான் அழுதுவிட்டேன். இரத்தப்பூச்சு எடுத்துப் பார்த்தார்கள், மலேரியா இல்லை, டெங்கு. பிழைத்துவிட்டான்.

மலேரியாவாக இருந்திருந்தால்? எங்கள் வீட்டுக் கிணற்றில் பி.எச்.ஐ ஐயா சொல்கிற அந்த நுளம்பு இருந்திருந்தால்? அதனால் அண்ணா, மன்னாரும் இராமநாதபுரமும் பேசுவது நல்லதுதான், ஆனால் அதற்கு முன் காய்ச்சலோடு வருகிறவன் வாயைத் திறக்க வழி செய்யச் சொல்லுங்கள். கடல் தாண்டி வந்தவன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னால் அது பொலிசுக்குப் போகாது என்று ஒருவர் எழுதித் தரட்டும். அவனை அடைத்து வைத்தால் அடுத்தவன் காய்ச்சலை மறைப்பான்.

---

பொதுச் சுகாதார மாணவி:

நான் கிளிநொச்சி, பொதுச் சுகாதாரம் படிக்கிறேன். பேசாலை அக்காவின் கதையை வாசித்துவிட்டு உடனே எழுத முடியவில்லை. அந்தத் தாதி கேட்ட ஒரு கேள்வியைத்தான் எங்கள் விரிவுரைகளில் பயண வரலாறு என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். 2018 கடைசியில் மலேரியா இல்லாத நாட்டில் ஒரு உள்ளூர் ஆளுக்குத் தொற்றியது தெரிந்ததும், வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஒருவரிடமிருந்து அது வந்தது என்று பின்னால் போய்ப் பிடித்ததும் அந்தக் கேள்வியால்தான்.

பி.எச்.ஐ ஐயாவின் யோசனை கனவு இல்லை, சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அதே ஒழுங்குவிதிகளில் 57 ஆவது பிரிவு, பக்கத்து நாடுகள் அடுத்தடுத்து இருக்கிற பகுதிகளுக்கிடையில் சுகாதாரத் தகவலை நேரடியாகவும் விரைவாகவும் பரிமாறத் தங்களுக்குள் உடன்பாடு செய்துகொள்ளலாம் என்கிறது. எங்கள் இரண்டு நாடும் அதைப் பயன்படுத்தாவிட்டால் அதற்கு ஒழுங்குவிதியைக் குறை சொல்ல முடியாது. கூட்டத்தில் யாராவது அதற்கு அதிகாரம் இல்லை தம்பி என்று எழும்பினால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள், எண் ஞாபகம் இருந்தால் போதும்.

நடந்த உதாரணம் கேட்டீர்கள். மீக்கொங் ஆற்றுப் பக்கம் கம்போடியா, லாவோஸ், மியன்மார், தாய்லாந்து, வியட்நாம், சீனா எல்லாம் சேர்ந்து 2001 இல் ஒப்பந்தம் போட்டார்கள். இவர்களில் பலர் ஒருவரோடொருவர் சண்டை பிடித்தவர்கள், மொழியும் வேறு வேறு. அவர்கள் தலைநகரங்களை மட்டும் நம்பவில்லை. எல்லையின் இந்தப் பக்கத்து மாகாணத்தையும் அந்தப் பக்கத்து மாகாணத்தையும் சோடி சோடியாகக் கட்டிவிட்டார்கள். ஆற்றின் இரண்டு கரையிலும் இருக்கிற சுகாதார ஆட்கள் ஒருவரையொருவர் முகம் தெரிந்தவர்கள், நோய் கிளம்பினால் சேர்ந்தே போய்ப் பார்ப்பார்கள். எனக்கு இதில் பிடித்தது அந்த முகம் தெரிந்தவர்கள் என்பதுதான். தெரியாத ஆளுக்கு யாரும் இரவு பத்து மணிக்கு எடுத்து, "எங்களுக்கு இங்கே ஒரு சந்தேகம்" என்று சொல்ல மாட்டார்கள்.

குளத்தடியான் அண்ணா, எழுதி வாங்குவதைப் பற்றி. 2025 மே 20 உலக சுகாதாரப் பேரவையில் பெருந்தொற்று ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. அதில் உங்கள் மாமாவின் அட்டைக்கு ஒரு பதில் இருக்கிறது, முழுப் பதில் இல்லை. ஒரு நாடு தன் கிருமி மாதிரியைப் பகிர்ந்தால் அதைப் பயன்படுத்துகிற உற்பத்தியாளர்கள், பெருந்தொற்று வந்தால், தடுப்பூசி மருந்து எல்லாவற்றிலும் உற்பத்தியாகிற வேகத்திலேயே 20 சதவீதத்தை உலக சுகாதார ஸ்தாபனத்துக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும், அதில் பாதியாவது இனாம். ஆனால் எப்படிப் பகிர்வது என்ற இணைப்பைத் தனியாகப் பேசி முடிக்க வேண்டும், பிறகு 60 நாடுகள் உறுதி செய்ய வேண்டும், அப்போதுதான் உயிர் வரும். 20 சதவீதம் உலகம் முழுக்கப் பங்கு போனால் நெடுங்கேணிக்கு எத்தனை வரும் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் அதே கேள்விதான்.

---

மண்டபத்தில் பிறந்தவன்:

இடையில் ஒரு விஷயம். அகதி முகாம் என்றால் எங்கள் சனத்துக்கு அக்கரையில் இருக்கிற மண்டபம் தெரியும். நான் அங்கே பிறந்து, இப்போது செட்டிகுளத்தில் இருக்கிறேன். அந்தக் கட்டிடங்களில் சில ஏன் அவ்வளவு பழசு என்று சின்ன வயதில் கேட்பேன், ஒருவருக்கும் தெரியாது. பிறகு வாசித்துத்தான் தெரிந்தது, எங்களுக்காகக் கட்டியது இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற தொழிலாளரைக் கப்பல் ஏற்றுவதற்கு முன் நாட்கணக்கில் தடுத்து வைத்து, அம்மைப்பால் குத்தி, வாந்திபேதி இல்லை என்று பார்த்து அனுப்பிய முகாம் அது. இந்திய மண்ணில், ஆனால் நடத்தியது இலங்கை அரசாங்கம். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தட்டப்பாறையிலும் ஒன்று.

அதற்கும் முந்திய காலத்தில் தடுத்துப் பார்க்க யாரும் இல்லை. மன்னாரில் இறங்கி, எங்கள் வன்னிக் காட்டுக்குள்ளால் மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியில் வழி நெடுகச் செத்தார்கள். மடுவுக்குப் போகிற வழியில் எத்தனை பேருடைய எலும்புக்கு மேலால் நாங்கள் பஸ்ஸில் போகிறோமோ.

ஆக இரண்டு கரையும் சேர்ந்து நோய் பார்ப்பது புதுக் கதை இல்லை. ஆனால் யாரைக் காப்பாற்றுவதற்கு என்பதையும் யோசியுங்கள். மண்டபத்தில் பார்த்தது தோட்டத்துக்கு வேலையாள் கெடாமல் போய்ச் சேர வேண்டும் என்பதற்கு. கூலியாட்களைத்தான் அடைத்தார்கள், துரைமாரை ஒருநாளும் அடைக்கவில்லை. பேசாலைப் பிள்ளையின் தம்பி பயந்ததில் என்ன பிழை? எங்கள் சனத்துக்குத் தனிமைப்படுத்தல் என்றாலே முள்ளுக்கம்பிதான் முன்னுக்கு வரும். 2009 இல் சண்டை முடிந்து அடைத்து வைத்த மெனிக் பாம் முகாமில் செங்கமாரியும் கொப்பளிப்பானும் கூடாரம் கூடாரமாகப் பரவியதையும் பார்த்த சனம் இது.

---

பட்டிக்காரன், ஒட்டுசுட்டான்:

மனிதரைப் பற்றியே பேசுகிறீர்கள், மாட்டை மறந்துவிட்டீர்கள். 2020 கடைசியில் எங்கள் பட்டியில் மாடுகளுக்கு உடம்பு முழுக்கக் கட்டி கட்டியாக வந்தது, தோல் நெல்லுக் காயப்போட்ட பாய் மாதிரி. முதலில் ஏதோ பூச்சிக்கடி என்றோம். தோல் கழலை நோய் என்று பிறகுதான் தெரிந்தது, அது 2019 இலேயே பங்களாதேஷிலும் இந்தியாவிலும் வந்துவிட்ட நோய், வடக்கில்தான் முதலில் இலங்கைக்குள் தெரிந்தது. ஒரு வருடம் முன்னே எங்களுக்கு யாராவது ஒரு படத்தைக் காட்டி, இப்படிக் கட்டி வந்தால் மிருக வைத்தியருக்குச் சொல்லுங்கள் என்று சொல்லியிருந்தால் நான் நோய் மாட்டை வாய்க்கால் தாண்டி மற்றப் பட்டியோடு விட்டிருக்க மாட்டேன். பால் போனது, இரண்டு கன்று போனது.

நிபா என்று கேரளாவில் 2018 இல் 17 பேரைக் கொன்றதும் வௌவாலிலிருந்துதான். பங்களாதேஷில் ஈச்ச மரத்துச் சாறு வடிகிற பானையில் வௌவால் வாய் வைத்து, அதைப் பச்சையாகக் குடித்தவர்களுக்கு வருகிறது. எங்கள் பனையிலும் இரவில் வௌவால் தொங்குகிறது, முட்டியில் என்ன இருக்கிறது என்று பார்த்தா குடிக்கிறோம்? இங்கே அந்த நோய் வரவில்லை, பயப்படுத்தச் சொல்லவில்லை. ஆனால் மிருக வைத்தியரும் எம்.ஓ.எச்சும் ஒரே றோட்டில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. அக்கரையை விடுங்கள், முதலில் றோட்டைக் கடக்கச் சொல்லுங்கள்.

---

பழைய பி.எச்.ஐ:

பட்டிக்காரருக்கு ஒரு கும்பிடு. 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் அடுத்தடுத்துக் காய்ச்சலில் ஆட்கள் இறந்தபோதும் முதலில் என்னவென்று தெரியவில்லை, பரிசோதித்துப் பார்த்தால் எலிக்காய்ச்சல். வயலில் நிற்கிறவன் காலில் புண் இருக்கிறதா என்று கேட்டால் பாதிப் பதில் அங்கேயே இருக்கும்.

குளத்தடியான், எழுதி வாங்காததை நம்பாதே என்றீர்கள். ஒன்று சொல்கிறேன். 1995 இலிருந்து போலியோ சொட்டு மருந்து நாட்களில் இரண்டு பக்கமும் துப்பாக்கியை நிறுத்தியது உங்களுக்கு ஞாபகம் இல்லாமல் இருக்காது. யுனிசெப் நடுவில் நின்றது. உயிலங்குளத்தால் ஒருமுறை ஐஸ் பெட்டியோடு போனேன். சென்றியில் காவலுக்கு நின்ற ஆமிப் பெடியன் பெட்டியைத் திற என்றான். திறந்தால் குளிர் போய்விடும் தம்பி, பிள்ளைகளின் மருந்து என்றேன், அரைகுறைச் சிங்களத்தில். பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தான். குளிர்ந்திருக்க வேண்டும். போ என்றான். அந்தப் பக்கம் போனதும் புலிகளின் ஆட்களும் அதே மாதிரிக் கையை வைத்துப் பார்த்தார்கள். இலங்கையில் கடைசிப் போலியோ 1993. சண்டை நடந்த நாட்டில் அது பிறகு திரும்பி வரவில்லை.

அந்தப் பெடியனிடம் நான் எதையும் எழுதி வாங்கவில்லை. ஆனால் மேலே யாரோ பேசி, நாள் குறித்து, இரண்டு பக்கமும் கீழே வரை சொல்லி வைத்திருந்தார்கள். இரண்டும் வேண்டும்.

---

நாச்சிக்குடாக் கரை:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாகத் திரும்பத் திரும்ப வாசித்தேன், மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். அவ சொல்கிறா, ஐந்து நிமிடத்தில் மண்டபம், மாடு, வௌவால் எல்லாம் ஏற்றினால் படகு தாழும் என்று.

சரி, இப்படி நினைத்திருக்கிறேன். இரணைதீவை ஒரே ஒரு வசனத்தில் சொல்வேன், விடமாட்டேன். பிறகு பேசாலைத் தங்கச்சியின் கதையை, ஊர் பெயர் இல்லாமல், தங்கச்சி சம்மதித்தால். அதோடு நேரே கேட்பது: கடல் தாண்டி வந்த காய்ச்சல்காரனின் இரத்தம் ஆஸ்பத்திரிக்கு, அவன் பெயர் பொலிசுக்கு இல்லை என்று எழுத்தில் ஒரு அறிவித்தல், தமிழில், எங்கள் வாடிகளிலும் கோயில் மதிலிலும் ஒட்டுகிற மாதிரி. அடுத்தது மன்னாரும் இராமநாதபுரமும் சோடி. அதிகாரம் இல்லை என்றால் 57. கையில் எழுதிக்கொண்டு போகிறேன்.

ஒரு சந்தேகம். கச்சதீவுத் திருவிழாவில் இரண்டு பக்கத்துச் சனமும் வருடா வருடம் சந்திக்கிறதே. முதல் சந்திப்பை அங்கேயே வைத்தால் என்ன? இரண்டு பக்கத்துப் பி.எச்.ஐமாரும் ஒரே பந்தலில் காய்ச்சல் பார்க்கட்டும், தேநீரும் குடிக்கட்டும். பாதர் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்.

---

பேசாலைப் பிள்ளை:

சொல்லுங்கள் அண்ணா. தம்பியிடம் கேட்டேன், அவனுக்கும் சரி. அந்தத் தாதி அக்கா கேட்டதை மட்டும் அப்படியே சொல்லுங்கள், மாற்ற வேண்டாம்.

---

பழைய பி.எச்.ஐ:

கச்சதீவு நல்ல யோசனை, எனக்கு இவ்வளவு வருடமாகத் தோன்றவில்லை. இன்னொன்று, கொடிப்படத்துக்குப் பிறகு உங்கள் பேச்சை ஒருவரும் கேட்கமாட்டார்கள், கையில் ஏதாவது இருக்க வேண்டும். என்னிடம் பழைய வெள்ளைத் தட்டு இருக்கிறது, தந்துவிடுகிறேன். ஒரு போத்தலில் கிணற்றுத் தண்ணீரும் பத்துக் குடம்பியும் பிடித்துக்கொண்டு போய் மேசையில் ஊற்றிக் காட்டுங்கள். மூடியில் துணியை இறுக்கிக் கட்டுங்கள், மறக்க வேண்டாம்.

---

நாச்சிக்குடாக் கரை:

ஐயா, கச்சேரி வாசலில் பறிக்கப் போகிறார்கள். ஆனாலும் கொண்டு போகிறேன். தட்டை எப்போது வந்து எடுக்கட்டும்?

---

பழைய பி.எச்.ஐ:

தட்டு எப்போதும் எடுக்கலாம். குடம்பிதான் காத்திருக்காது, ஒரு கிழமைக்குள் நுளம்பாகிப் பறந்துவிடும். கூட்டத் திகதியை முதலில் சரியாகக் கேட்டுச் சொல்லுங்கள்.